வீட்டு கம்ப்யூட்டருக்குள் வைரஸை அழைத்து வருவது யார்?

உங்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரை இன்று விற்றால் என்ன விலைக்குப் போகும்? ஐந்தாறு வருடம் ஓடிய மெஷின் என்றால், சில ஆயிரங்களுக்கு மேல் ஒரு ரூபாய்கூட யாரும் தரமாட்டார்கள்.

சரி, அதற்குள் இருப்பதற்கு என்ன விலை? மகளின் முதல் பிறந்தநாள் வீடியோ, மறைந்துபோன தாத்தா கடைசியாகக் கலந்துகொண்ட விசேஷத்தின் போட்டோக்கள், கல்யாண ஆல்பத்தின் ஒரிஜினல் படங்கள், மகனின் கல்லூரி புராஜெக்ட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வருமான வரிக் கணக்கு... இதற்கெல்லாம் விலை சொல்ல முடியுமா?

வைரஸ் தாக்கிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி நன்றாக நினைவிருக்கும். "ஃபார்மெட் அடிச்சாதான் சரியாகும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?" மறுநாள் மெஷின் புதிதுபோல வீட்டுக்கு வந்துவிடும். போட்டோக்கள் வராது.

'அதுக்குத்தான் ஆன்டிவைரஸ் போட்டிருக்கோமே' என்கிறீர்களா? ஆன்டிவைரஸ் என்பது அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. சந்தேகப்படும் ஆளை நிறுத்தி விசாரிப்பார். ஆனால், வீட்டுக்காரரே கீழே இறங்கி வந்து, 'நமக்குத் தெரிஞ்ச ஆள்தான், உள்ளே விடுங்க' என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார்? வீட்டு கம்ப்யூட்டர்களில் வைரஸ் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. நம் கையால் ஒரு கிளிக், நம் கையால் ஓர் 'ஓகே'. அது எந்தெந்த வாசல் வழியாக வருகிறது, எப்படி அடைப்பது, மீறி வந்துவிட்டால் குடும்ப போட்டோக்களை எப்படிக் காப்பாற்றுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லாகூர் கடையில் பிறந்த வைரஸ்

ஐ.பி.எம் வகை பர்சனல் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ், நம் பக்கத்து நாட்டில் பிறந்தது. 1986-ல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. பெயர் 'ப்ரெயின்'. தாங்கள் உருவாக்கிய மருத்துவ சாஃப்ட்வேரைக் காசு கொடுக்காமல் காப்பி அடிப்பவர்களுக்குப் பாடம் புகட்டத்தான் இதை எழுதினோம் என்றார்கள் அவர்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் கடையின் முகவரியையும் போன் நம்பரையும் எழுதிவைத்திருந்தார்கள்.

ஃப்ளாப்பி டிஸ்க் மூலம் கைக்குக் கை மாறி, 'ப்ரெயின்' பல நாடுகளைச் சுற்றி வந்தது. தானாக அது எங்கும் பறந்து போகவில்லை. ஒருவர் ஃப்ளாப்பியைக் கொடுத்தார், இன்னொருவர் வாங்கிப் போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃப்ளாப்பி போய் பென் டிரைவ் வந்தது, மெயில் வந்தது, டவுன்லோடு வந்தது. மனிதர்கள் கொடுத்து வாங்கும் இந்தப் பழக்கத்தைத்தான் வைரஸ் எழுதுபவர்கள் இன்றும் நம்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் 'வைரஸ்' என்று நாம் சொன்னாலும், இதில் சில வகைகள் உண்டு. ஒரு ஃபைலோடு ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். யாரும் தொடாமலேயே நெட்வொர்க் வழியாகத் தானே பரவுவது வார்ம். நல்ல சாஃப்ட்வேர்போல வேஷம் போட்டு உள்ளே வருவது ட்ரோஜன். ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்பது ரான்சம்வேர். பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போவது இன்ஃபோஸ்டீலர். வீட்டுக்கு மிக ஆபத்தானவை கடைசி இரண்டும். ஒன்று நினைவுகளைப் பறிக்கும். இன்னொன்று பணத்தைப் பறிக்கும்.

வாசல் 1: ஜெராக்ஸ் கடை போய் வந்த பென் டிரைவ்

ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வேண்டும். பென் டிரைவில் காப்பி செய்து தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்து அனுப்புகிறோம். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் பென் டிரைவ்கள் வந்து போகிற சிஸ்டம் அது. திரும்பி வந்த பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் 'ஷார்ட்கட்'டாக மாறிக் கிடக்கும். பலரும் பார்த்திருக்கும் 'ஷார்ட்கட் வைரஸ்' இதுதான்.

இதில் நடப்பது என்ன? உங்கள் ஃபைல்களை அது பெரும்பாலும் அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைக்கும். 'என் ஃபோல்டர்தானே' என்று நீங்கள் டபுள் கிளிக் செய்ததும், முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். சந்தேகமே வராது. அந்த நிமிடம் முதல் உங்கள் கம்ப்யூட்டரில் செருகும் அடுத்த பென் டிரைவுக்கும் அது தொற்றும்.

என்ன செய்யலாம்?

* வெளியே போய் வந்த பென் டிரைவைச் செருகியதும் திறக்காதீர்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஸ்கேன்' கொடுத்த பிறகு திறங்கள்.

* ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் கிளிக் செய்யாதீர்கள். பதறிப்போய் ஃபார்மெட்டும் அடிக்காதீர்கள். முதலில் ஸ்கேன் செய்து வைரஸை நீக்குங்கள். பிறகு, மறைந்திருக்கும் ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி ஃபோல்டர் ஆப்ஷனில் மாற்றினால், உங்கள் ஃபைல்கள் அங்கேயே இருப்பது தெரியும்.

* பிரின்ட் எடுப்பதற்கென்று ஒரு சின்ன பென் டிரைவைத் தனியாக ஒதுக்குங்கள். அன்றைக்குத் தேவையான ஃபைலைத் தவிர வேறு எதுவும் அதில் வேண்டாம். குடும்ப போட்டோ இருக்கும் பென் டிரைவ் வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது.

வாசல் 2: ஓசி சாஃப்ட்வேர்

போட்டோ எடிட் செய்ய ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். நெட்டில் தேடினால் 'ஃப்ரீ ஃபுல் வெர்ஷன், கிராக்குடன்' என்று வந்து நிற்கிறது. பையன் டவுன்லோடு செய்கிறான். இன்ஸ்டால் செய்யும் வழிமுறையில் முதல் வரியே இப்படி இருக்கும்: 'உங்கள் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.'

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'வாட்ச்மேனை லீவில் அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்' என்று ஒருவர் சொன்னால் நாம் கேட்போமா? கம்ப்யூட்டரில் மட்டும் கேட்கிறோம்.

வீட்டு உபயோகிப்பாளர்களைக் குறிவைத்த ரான்சம்வேர்களில் மிகப் பரவலான ஒன்று, 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் அழைக்கப்படும் குடும்பம். பெரிய கம்பெனிகளைத் தாக்கிய ரான்சம்வேர்கள்தான் செய்திகளில் வந்தன. இது சத்தமில்லாமல் வீடுகளுக்குள் புகுந்தது. அதன் முக்கியமான வாகனமே கிராக் சாஃப்ட்வேர்களும், போலி ஆக்டிவேட்டர்களும்தான். உள்ளே வந்ததும் போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சீட்டு எழுதிவைக்கும். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரி! பல சமயங்களில் போகிற போக்கில் பாஸ்வேர்டு திருடும் புரோகிராம் ஒன்றையும் கூடவே இறக்கிவிட்டுப் போகும்.

2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதற்கு ஓர் இலவச மீட்புக் கருவியை வெளியிட்டது. 148 வகைகளில் பூட்டப்பட்ட ஃபைல்களை அதனால் திறக்க முடிந்தது. ஆனால், அதன் பின் வந்த புது வகைகளில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. அந்தச் சாவி திருடனிடம் மட்டுமே இருப்பதால் பெரும்பாலானோருக்கு வழியில்லாமல் போனது.

ஓசி சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் வேலை எப்படி நடக்கும்? அதற்கு நியாயமான வழிகள் இருக்கின்றன. டாக்குமென்ட் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், போட்டோ எடிட்டிங்குக்கு கிம்ப், வீடியோ பார்க்க வி.எல்.சி. மூன்றும் முழுக்க இலவசம், சட்டபூர்வமானவை. ஒரே நிபந்தனை, அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்தே டவுன்லோடு செய்ய வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க்குகளை நம்பாதீர்கள். பிரபல சாஃப்ட்வேர்களின் பெயரில் போலித் தளம் நடத்தி, விளம்பரம் கொடுத்து ஆள் பிடிப்பது நடந்துகொண்டே இருக்கிறது.

வாசல் 3: இரட்டை வால் ஃபைல்

2000-ம் ஆண்டு மே 4. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களின் மெயிலுக்கு 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்தது. தெரிந்தவரின் முகவரியிலிருந்தே வந்ததால் ஆசையாகத் திறந்தார்கள். கூடவே ஓர் அட்டாச்மென்ட், பார்ப்பதற்குச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். உண்மையில் அதன் பெயருக்குப் பின்னால் 'வி.பி.எஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அது ஒரு புரோகிராம். அந்த இரண்டாவது வாலை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. திறந்ததும் அது அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. கம்ப்யூட்டரில் இருந்த ஜேபெக் படங்களின் மேல் தன்னை எழுதி அழித்தது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய இந்த வார்மை எழுதியவரைத் தண்டிக்க, அப்போது அந்த நாட்டில் சட்டமே இல்லை.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. விண்டோஸ் இன்றும் அந்த வாலை வழக்கமாக மறைத்தே வைக்கிறது. 'இன்வாய்ஸ்', 'கூரியர் ரசீது', 'வருமான வரி நோட்டீஸ்' என்ற பெயர்களில் வரும் ஃபைல்கள் இதே தந்திரத்தைத்தான் இன்னும் பயன்படுத்துகின்றன.

இதை இப்போதே சரிசெய்துவிடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவுக்குப் போங்கள். விண்டோஸ் 11-ல் அதற்குள் 'ஷோ' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இனி எல்லா ஃபைல்களும் தங்கள் உண்மையான வாலோடு தெரியும். பி.டி.எஃப் என்று சொல்லிக்கொண்டு வந்த ஃபைல் 'இ.எக்ஸ்.இ', 'எஸ்.சி.ஆர்', 'வி.பி.எஸ்', 'ஜே.எஸ்' என்று முடிந்தால், அது டாக்குமென்ட் இல்லை. தொடாமல் அழித்துவிடுங்கள்.

வேர்டு, எக்செல் ஃபைலைத் திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்று மஞ்சள் பட்டையில் கேட்டால், அனுப்பியவரிடம் போனில் கேட்காமல் கிளிக் செய்யாதீர்கள். தெரிந்தவரின் மெயிலாக இருந்தாலும் இதே விதிதான். 2000-லும் அது தெரிந்தவரிடமிருந்துதான் வந்தது.

வாசல் 4: பயமுறுத்தும் திரை

ஏதோ ஒரு தளத்தில் சமையல் குறிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. சைரன் சத்தம். 'உங்கள் கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டுள்ளது, உடனே இந்த நம்பருக்கு போன் செய்யவும்' என்று மைக்ரோசாஃப்ட் லோகோவோடு ஓர் அறிவிப்பு. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இதில்தான் அதிகம் பதறிப்போகிறார்கள். போன் செய்தால், 'சரிசெய்து தருகிறோம்' என்று உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, பேங்க் கணக்குவரை போய்விடுவார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பர் இருந்தால் அது மோசடி. அந்தத் திரை வெறும் ஒரு வெப் பக்கம்தான். 'ஆல்ட்' பட்டனோடு 'எஃப் 4'-ஐ அழுத்தினால் மூடிவிடும். மூடவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். ஒன்றும் ஆகாது.

இதைவிடப் புதிய தந்திரம் ஒன்று 2024-லிருந்து வேகமாகப் பரவியிருக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை நிரூபியுங்கள்' என்று வழக்கம்போலக் கேட்கும். கிளிக் செய்தால், 'விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்று சொல்லும். நீங்கள் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளையை அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்திருக்கும். அதை உங்கள் கையாலேயே பேஸ்ட் செய்து ஓடவிட வைப்பதுதான் திட்டம். இந்த வழியில் இறங்குபவை பெரும்பாலும் இன்ஃபோஸ்டீலர்கள். பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், லாகின் செய்து வைத்திருக்கும் கணக்குகளின் அடையாளங்களையும் சில நொடிகளில் அள்ளிவிடும்.

'லுமா' என்ற இன்ஃபோஸ்டீலர் மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத் தொற்றியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்த நல்ல தளமும் உங்களை மனிதர் என்று நிரூபிக்கக் கீபோர்டில் இப்படி எதையும் ஓடவிடச் சொல்லாது. சொன்னால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

வாசல் 5: 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற அப்டேட்

இதுவரை பார்த்த நான்கு வாசல்களும் நாம் கிளிக் செய்து திறப்பவை. இந்த ஐந்தாவது, நாம் மூடாமல் விட்டது.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. சரியாக 59 நாள்கள் கழித்து, மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. ஒருவர் கிளிக் செய்யக் காத்திருக்கவில்லை. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானே தாவியது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாயின. நம் பக்கத்து ஆந்திராவில் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த அப்டேட்டைப் போட்டிருந்த கம்ப்யூட்டர்களை வான்னாக்ரையால் அந்த ஓட்டை வழியாகத் தொட முடியவில்லை.

'ரீஸ்டார்ட் கேட்குது, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த 59 நாள்களைப் போன்றதுதான். இரவு தூங்கப் போகும்போது அப்டேட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். விண்டோஸ் மட்டுமல்ல, பிரவுசரையும் அப்டேட் செய்யுங்கள். குரோமில் மேல் மூலையில் அப்டேட் என்று அறிவிப்பு வந்தால், உடனே செய்துவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முடிந்தால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போன்ற பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் நல்ல மாற்று. படிக்க, டைப் செய்ய, வீடியோ பார்க்க அதுவே போதும். அதுவும் வேண்டாம் என்றால், அந்த மெஷினில் பேங்க் வேலையையாவது நிறுத்திவிடுங்கள்.

ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

பலரும் கேட்கும் கேள்வி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' கூடவே வருகிறது, இலவசமாக. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற தனியார் ஆய்வகங்களின் சோதனைகளில் கட்டண ஆன்டிவைரஸ்களோடு போட்டி போடும் அளவுக்கு அது மதிப்பெண் வாங்கிவருகிறது. ஒரு சாதாரண வீட்டுக்கு, அப்டேட் செய்யப்பட்ட விண்டோஸும் டிஃபெண்டரும் போதுமானது. சென்னையின் கே7, புனேவின் குயிக் ஹீல் போன்ற கட்டண ஆன்டிவைரஸ்களில் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, போன் மூலம் உதவி போன்ற கூடுதல் வசதிகள் கிடைக்கும். அவை தேவை என்றால் தாராளமாக வாங்கலாம்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும். இரண்டு, கிராக் செய்த ஆன்டிவைரஸ் போடுவது. திருடனையே வாட்ச்மேனாக வைப்பதற்குச் சமம் அது. மூன்று, புது லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் காலாவதியான பிறகும் அப்படியே விட்டுவைப்பது. ஒன்று புதுப்பியுங்கள், இல்லையென்றால் அன்-இன்ஸ்டால் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

டிஃபெண்டரில் பலரும் பார்க்காத ஒரு வசதி இருக்கிறது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியின் கீழே 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்று இருக்கும். அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வழக்கமாக ஆஃப் ஆகியிருக்கும். ஆன் செய்தால், முன்பின் தெரியாத புரோகிராம் எதுவும் உங்கள் போட்டோ, டாக்குமென்ட் ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. சில சமயம் நல்ல சாஃப்ட்வேரையும் தடுக்கும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

இன்னொன்று, குழந்தைகளுக்குத் தனி யூசர் அக்கவுன்ட். அதை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்காமல் 'ஸ்டாண்டர்டு' அக்கவுன்டாக வையுங்கள். கேமுக்கான 'சீட்' என்று எதையாவது இறக்கினாலும், கம்ப்யூட்டர் முழுக்கக் கைவைக்க அது பெற்றோரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்த ஒரு கேள்வியே பல விபத்துகளை நிறுத்திவிடும்.

கடைசிக் காவல்: இன்னொரு காப்பி

எல்லா வாசலையும் அடைத்தாலும் ஒரு நாள் ஏதாவது ஒன்று நுழையலாம். வைரஸே வராவிட்டாலும் ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சாகும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது, வேறோர் இடத்தில் இருக்கும் காப்பி மட்டுமே.

இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தியது. முக்கியமான எதற்கும் 3 காப்பிகள். அவை 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில். அதில் 1 வீட்டுக்கு வெளியே. நம் வீட்டுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில், மிக முக்கியமானவை மட்டும் கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில். கூகுள் கணக்கோடு 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது. டாக்குமென்ட்களுக்கும் தேர்ந்தெடுத்த போட்டோக்களுக்கும் அது தாராளம்.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால், ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். காப்பி எடுத்ததும் கழற்றி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கிளவுடிலும் இதே சிக்கல் உண்டு. கம்ப்யூட்டரில் பூட்டப்பட்ட ஃபைல், சிங்க் ஆகி அங்கேயும் போய் உட்காரலாம். அதனால் கிளவுடை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மீறி வந்துவிட்டால்?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை ஆஃப் செய்யுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். 'பேக்கப் இருக்கே' என்று ஹார்டு டிஸ்க்கை அவசரமாகச் செருகாதீர்கள். கம்ப்யூட்டர் சுத்தமாகும்வரை அது பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுந்து உட்காரும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடங்கள் ஆகும். ஒளிந்துகொள்ளும் வைரஸ்களுக்கு இதுதான் சரி. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன.

பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஆனால், அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் மெயில், பிறகு பேங்க், பிறகு மற்றவை. 'எல்லா டிவைஸ்களிலிருந்தும் சைன் அவுட்' என்பதையும் கொடுங்கள். இரண்டடுக்கு சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

ரான்சம்வேர் என்றால், பணம் கட்டாதீர்கள். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மிரட்டல் சீட்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் நெதர்லாந்து காவல் துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், உங்களைத் தாக்கியது எந்த வகை, அதற்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்று இல்லாவிட்டாலும், பூட்டப்பட்ட ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். ஒரு பழைய டிஸ்க்கில் போட்டு வையுங்கள். பிற்காலத்தில் சாவி கிடைத்து ஃபைல்கள் திரும்பி வந்த கதைகள் உண்டு.

பேங்க் கணக்கில் பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள், பேங்க்கிலும் சொல்லுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

1. விண்டோஸ் அப்டேட், பிரவுசர் அப்டேட் இரண்டையும் முடியுங்கள்.

2. ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி மாற்றுங்கள்.

3. டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷ'னை ஆன் செய்யுங்கள்.

4. கிராக் சாஃப்ட்வேர்களை நீக்கிவிட்டு, ஒரு 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள்.

5. குழந்தைகளுக்குத் தனி அக்கவுன்ட் உருவாக்குங்கள்.

6. குடும்ப போட்டோக்களை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து, இரண்டு மூன்று போட்டோக்களை அதிலிருந்து திறந்து பார்த்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். மாதம் ஒரு முறை, கரன்ட் பில் கட்டுவதுபோல இதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மற்ற ஐந்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டியிருந்தாலும், இந்த ஆறாவதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி ஏற்றலாம். தாத்தாவின் போட்டோவை மறுபடி எடுக்க முடியாது.